ஊசி முனையைப் பற்றி நான் எழுதியது

பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பாடத்துக்காக இணையத்தில் பிளாக் எழுத வைப்பது நல்லதா கெட்டதா என்று என் மகள் படிக்கும் பள்ளியில் கூட்டம் போட்டுக் கேட்டார்கள். பலகையில் நடுவே கோடு போட்டு, நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று எழுதினார்கள். எழுத்துத் திறமை வளரும், கூச்சம் போகும் என்று ஒரு அம்மா சொன்னார். கண் கெடும், காப்பியடிப்பார்கள் என்று ஒரு அப்பா சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கத்தியிருப்பேன். கத்துவதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

நான் ஒன்பதாவது படித்த வருடம் அது. அமெரிக்காவில் ஏதோ வங்கி கவிழ்ந்தது என்று பேப்பரில் போட்டார்கள். திருப்பூரில் என் அப்பாவுக்கு ஷிப்ட் குறைந்தது. அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அம்மா வேறொரு கம்பெனியில் செக்கிங். கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து அனுப்பர்பாளையத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு ஒன்றில் குடியிருந்தோம். பாத்திரப் பட்டறைச் சத்தத்தில் பேசிப் பேசி எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது.

அவிநாசி ரோட்டில் இருந்த ஒரு மெட்ரிக் பள்ளியில் நான் படித்தேன். அது அம்மாவின் பிடிவாதம். ஷிப்ட் குறைந்ததும் அப்பா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்பதாவதோடு போதும், பிள்ளை கைமடிக்குப் போகட்டும் என்றார். கைமடி என்றால் டெய்லர் தைத்துத் தள்ளுவதை எடுத்து மடித்து அடுக்குகிற வேலை. எங்கள் லைனில் என் வயதுப் பெண்கள் பாதிப் பேர் அதற்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அரசுப் பள்ளிக்கு மாறலாமே என்று கேட்பீர்கள். அம்மா கேட்டுப் பார்த்தார். அப்போது மெட்ரிக் பாடம் வேறு, அரசுப் பள்ளிப் பாடம் வேறு. நேராகப் பத்தாவதில் வந்து உட்காருகிற பிள்ளையை எடுத்தால் தேர்ச்சி விழுக்காடு போய்விடும் என்று கதவிலேயே அனுப்பிவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் பள்ளியில் பிளாக் வந்தது. கொண்டுவந்தவர் எங்கள் தமிழ் மிஸ். அவிநாசியிலிருந்து பஸ்ஸில் வருவார். இணையத்தில் தமிழில் எழுதுகிறவர்களை எல்லாம் தேடிப் படிக்கிறவர். ஆளுக்கொரு பிளாக் தொடங்கிக் கொடுத்தார். வாரம் ஒரு தலைப்பு. நோட்டில் எழுதும் கட்டுரைக்குப் பதிலாக அதில் எழுத வேண்டும். எழுதியதற்கு மார்க், மற்றவர்கள் வந்து போடுகிற கமெண்டுக்கும் மார்க். பள்ளியின் கரெஸ்பாண்டென்ட்டுக்கு இது பிடித்துப்போனது. வேறெந்தப் பள்ளியிலும் இல்லாத சங்கதி என்று நோட்டீசில் போட்டுக்கொண்டார். ஆண்டு விழாப் பரிசாக, யாருடைய பிளாக் சிறந்ததோ அந்தப் பிள்ளைக்குப் பத்தாவது முழுக்க இலவசம் என்று அறிவித்தார். கம்பெனி முதலாளிகளின் பிள்ளைகளுக்கு அது ஒரு கோப்பை மாதிரி. எனக்கு அது பத்தாவது. கிடைத்தால் பள்ளிக்கூடம், கிடைக்காவிட்டால் கைமடி.

நல்லதை மறைக்க மாட்டேன். வகுப்பில் நான் வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். "சொல்லுதேன், வாரேன்" என்று நான் பேசுவதைப் பையன்கள் இழுத்து இழுத்துப் பேசிக் காட்டுவார்கள். பிளாக்கில் அந்தச் சிரிப்பு இல்லை. எங்கள் லைனுக்குத் தண்ணீர் லாரி வருகிற நாளைப் பற்றி எழுதினேன். துபாயில் கம்பி கட்டுகிற வேலை செய்யும் ஒருவர், யாரோ எவரோ, அதன் கீழே எழுதியிருந்தார். தன் அக்காவும் திருப்பூரில்தான் இருக்கிறாள், அவள் தண்ணீருக்காகச் சண்டை போடுவதை நேரில் பார்த்த மாதிரி இருக்கிறது, அடுத்த வாரமும் எழுதும்மா என்று. அதுவரை நான் எழுதியதை மார்க் போடுகிறவர்களைத் தவிர யாரும் படித்ததில்லை. அடுத்த வாரம் எழுதாமல் எப்படி இருப்பேன்?

கெட்டதும் அதே வாரங்களில் நடந்தது. "என் குடும்பம்" என்ற தலைப்புக்கு ஒரு பையன் வெள்ளந்தியாக, அம்மாவும் அப்பாவும் ஒரே வீட்டில் பேசிக்கொள்வதில்லை, நான்தான் இங்கே இருந்து அங்கே செய்தி சொல்வேன் என்று எழுதிவிட்டான். நோட்டில் எழுதியிருந்தால் மிஸ்ஸுக்கு மட்டும் தெரிந்திருக்கும். இப்போது பள்ளி முழுக்கத் தெரிந்தது. அவனுக்கு போஸ்ட்மேன் என்று பெயர் வைத்தார்கள். பள்ளியை விட்டுப் போகும்வரை அவனுக்கு அதுதான் பெயர்.

திருப்பூரில் எந்த வேலையும் ஒரே இடத்தில் முடியாது. நூல் ஒருத்தர், நிட்டிங் ஒருத்தர், சாயம் ஒருத்தர், கட்டிங் ஒருத்தர், காஜா பட்டன் வேறொருத்தர். வீட்டுப்பாடமும் சீக்கிரமே அப்படி ஆகிவிட்டது. வசதியான பிள்ளைகளின் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது, ஆனால் தமிழில் அடிக்க வராது. அப்பாவின் கம்பெனி ஆபீசுக்குத் தலைப்பை அனுப்பிவிடுவார்கள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கு மெயில் எழுதுகிற மெர்ச்சண்டைசர் அண்ணன்தான் "நான் விரும்பும் மலர்" எழுதுவார். ஆபீசில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து "சூப்பர் கண்ணு" என்று கமெண்ட் போடுவார்கள். அதற்கும் மார்க் உண்டு.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத நான் பேக்கரிக்கு மேலே இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவேன். அதை நடத்தியவர் அதற்குமுன் காஜா பட்டன் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்தவர். ஆர்டர் இல்லாமல் மெஷினை விற்றுவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன். பெண் பிள்ளை என்று என்னைக் கேபினுக்குள் விடாமல் தன் மேஜைக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டரில் உட்கார வைப்பார். அந்த வருடம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அடித்துக்கொண்டிருக்கும்போதே நெட் போய்விடும். அவர் ஒரு யோசனை சொன்னார்.

"கண்ணு, நீ அடிச்சு இதுலயே சேவ் பண்ணி வச்சுட்டுப் போ. நெட்டு வந்ததும் நானே ஏத்தி உட்டர்றேன்."

பாஸ்வேர்டையும் கொடுத்தேன். பல வாரம் அப்படித்தான் போனது.

கடைசித் தலைப்பு உழைப்பு. ஆண்டு விழாப் பரிசுக்கு அதுதான் முக்கியம் என்று மிஸ் சொல்லியிருந்தார். நான் அப்பாவின் விரலைப் பற்றி எழுதினேன்.

சில மாதம் முன்னால் அப்பாவின் கம்பெனியில் கைக்குழந்தைச் சட்டை ஓடிக்கொண்டிருந்தது. தைக்கும்போது ஊசி அப்பாவின் விரலில் ஏறி உடைந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கிக் கொடுத்தால்தான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு சட்டையில் தங்கிப் போய், அங்கே ஒரு வெள்ளைக்காரக் குழந்தைக்குக் குத்தினால் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும். முனை மட்டும் கிடைக்கவில்லை. தையல் லைனையே நிறுத்தினார்கள். கட்டுக்கட்டாகப் பிரித்து ஒவ்வொரு சட்டையாக உதறினார்கள். அப்பாவும் விரலில் வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டு, தன்னால் லைன் நின்றுபோனதே என்று பயந்துபோய் எல்லாரோடும் சேர்ந்து தேடினார். கடைசியில் சட்டைகளை ஊசி கண்டுபிடிக்கிற மெஷினில் விட்டார்கள். எந்தச் சட்டைக்கும் மெஷின் கத்தவில்லை. அப்பா கடைசிச் சட்டையை உள்ளே தள்ளியபோது கத்தியது. சட்டையை மாற்றி வைத்தார்கள், கத்தவில்லை. அப்பா கையை வைத்தார், கத்தியது. குழந்தைச் சட்டையில் அத்தனை பேர் தேடிய முனை அப்பாவின் விரலுக்குள் இருந்தது.

முனை கிடைத்துவிட்டது என்று சூப்பர்வைசர் சந்தோஷப்பட்டாராம். அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரி. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனால் விபத்துக் கணக்கில் கம்பெனி பெயர் ஏறும் என்று தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போய், வீட்டில் நடந்தது என்று சொல்லச் சொன்னார்கள். அப்பா இதையெல்லாம் வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னார். மெஷின் கத்தியதை வாயாலேயே செய்து காட்டினார். அம்மா சிரிக்கவில்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். கம்பெனி பெயரை எழுதவில்லை, கிளினிக்கை எழுதவில்லை. பிரவுசிங் சென்டரில் அடித்து முடிக்கும்போது நெட் இல்லை. வழக்கம்போலச் சேவ் செய்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் என் பிளாக்கில் வந்திருந்தது.

வகுப்பில் ஒரு முதலாளியின் பையன் பிளாக்கிலும் வந்திருந்தது. எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. வரிக்கு வரி அதேதான். "எங்கள் அப்பா" என்ற இடத்தில் மட்டும் "எனக்குத் தெரிந்த டெய்லர் ஒருவர்" என்று இருந்தது. முடிவில், தொழிலாளர்களை நாம் மதிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். கீழே அந்த ஆபீஸ் ஆட்கள் மட்டுமல்ல, முகம் தெரியாதவர்கள்கூட எழுதியிருந்தார்கள். இந்த வயதில் இவ்வளவு கருணையா, கண் கலங்கிவிட்டது என்று. எங்கள் அப்பாவின் விரலுக்கு அழுதார்கள், பையனைப் பாராட்டினார்கள்.

நேராக பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அவர் மறைக்கவே இல்லை. அந்தப் பையனுடைய கம்பெனி ஆபீசிலிருந்து அவசரமாக ஒரு கட்டுரை கேட்டார்களாம். நல்லதாக இருந்ததால் என்னுடையதைக் கொடுத்தாராம். அவர்களுடையது அவசரம், அதனால் முதலில் அங்கே அனுப்பிவிட்டு, அப்புறம் என்னுடையதை ஏற்றினாராம்.

"என்னுத எப்பிடிண்ணே குடுப்பீங்க?"

"உன்னுது உன்கிட்டத்தானே கண்ணு இருக்குது? நான் எடுத்துக்கிட்டனா? ஒரே பேட்டர்ன்ல ரெண்டு பார்ட்டிக்கு வெட்டறதுதான். ஊரே அப்படித்தான் ஓடுது."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு விளக்கிச் சொன்னார். சட்டை ஒன்றுதான், லேபிள்தான் வேறு. அவர் வாழ்க்கை முழுக்கப் பார்த்த தொழில் அது. அதில் ஒரு பிள்ளையின் அப்பாவுடைய விரல் இருக்கிறது என்பது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. அந்த ஆபீஸ் மெர்ச்சண்டைசருக்கு மட்டும் புரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சரியாக அந்த ஒரு சொல்லை எப்படி மாற்றுவார்?

மிஸ்ஸிடம் சொன்னேன். அவருக்கு ஒரு நொடி கூடச் சந்தேகம் வரவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு கரெஸ்பாண்டென்ட் அறைக்குப் போனார். கரெஸ்பாண்டென்ட் இரண்டையும் திறந்து பார்த்தார். பையனுடையதுதான் முதலில் என்று கம்ப்யூட்டர் காட்டுகிறதே, மெஷின் பொய் சொல்லுமா என்றார். மிஸ் விடவில்லை. இது இந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு நடந்தது, அவரையே கூப்பிட்டுக் கேளுங்கள் சார், அவர் விரலைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்த நல்ல எண்ணத்தை இன்று வரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்பா அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. பள்ளிக்கூடத்துக்குள் அவர் வந்ததே அது இரண்டாம் முறை. பையனின் அப்பாவும் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, மேஜை மேல் இரண்டு செல்போன். மரியாதையான மனிதர். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்று, உட்காருங்க உட்காருங்க என்று நாற்காலியைக் காட்டினார். அப்பா உட்காரவில்லை. பையன் ஜன்னல் ஓரமாகத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது. அவன் எதுவும் செய்யவில்லை என்பது உண்மைதான். கட்டுரை கூட எழுதவில்லையே.

பையனின் அப்பாதான் பேச ஆரம்பித்தார்.

"ஏனுங்க, எந்தக் கம்பெனீல ஓட்டறீங்க?"

அப்பா சொன்னார்.

"அட, நம்ம மச்சான் கம்பெனிதானுங்க அது. காலைல கூட பேசிட்டிருந்தேன்." நாற்காலியில் உட்கார்ந்தார். "அங்க இந்த மாதிரி ஊசி ஏறுச்சுன்னு நெட்டுல போட்டிருக்குது பாருங்க. பையர் கியர் பாத்தா என்னாகறது? நடந்ததுங்களா? நடந்திருந்தா சொல்லுங்க, மச்சான்கிட்ட நானே கேக்கறேன்."

அவர் மிரட்டவில்லை. குரல் ஏறவே இல்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் ங்க போட்டுத்தான் பேசினார். வெளியில் இருந்து கேட்டால், டெய்லருக்கு நியாயம் வாங்கித்தர வந்தவர் என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் ஷிப்ட் இல்லாத காலத்தில், கிளினிக்கில் பொய் சொல்லிவிட்டு வந்த டெய்லரிடம் அதைக் கேட்டால் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். மிஸ்ஸுக்கு மட்டும் தெரியவில்லை. அவர் அப்பாவையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அப்பிடி ஒண்ணும் நடக்கலீங்க."

வீட்டில் அப்பா அப்படிப் பேச மாட்டார். வீட்டில் என்றால் "நடக்கல, சொல்லுதேன், போட்டும்" என்பார். ங்க போடுவது கம்பெனிப் பேச்சு, முதலாளிகளிடம் பேசுகிற பேச்சு.

"விரலக் காட்டுங்க அண்ணா" என்றார் மிஸ்.

அப்பா மிஸ்ஸைப் பார்க்கவில்லை. கரெஸ்பாண்டென்ட்டைப் பார்த்துச் சொன்னார். "புள்ள எங்கயோ படிச்சத வச்சு எழுதிருச்சுங்க. சின்னப் புள்ள. மன்னிச்சுருங்க."

முதலாளி, பிள்ளைகள் சமாச்சாரம், இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்றார். பெரிய மனசுக்காரர் என்று கரெஸ்பாண்டென்ட் அவரைப் பாராட்டினார். காப்பியடித்த பிள்ளை என்பதால் என் பெயரைப் பரிசிலிருந்து எடுத்தார்கள். என் பதிவை அழிக்கச் சொன்னார்கள். மிஸ்தான் அழித்தார், வேறு யாருக்கும் எப்படி என்று தெரியாது. அந்தப் பையன் ஆண்டு விழாவில் பரிசு வாங்கினான். அவனுக்கு இலவசம் தேவையில்லை என்று அவன் அப்பா மேடையிலேயே சொல்லிவிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள்.

பள்ளியிலிருந்து திரும்பி வரும்போது அப்பா லைனுக்குள் நுழையும் முன்னால் நின்றார்.

"நான் ஆமான்னு சொல்லிருந்தா என் வேலையும் போயிருக்கும், உன் பள்ளிக்கூடமும் போயிருக்கும். ஒண்ணாவது நிக்கட்டும்னுதான்" என்றார். அப்புறம், "எழுதும்போது எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல" என்றார்.

அவர் கேட்டது சரி. ஆனால் பிள்ளைகளிடம் உன் வீட்டை எழுது, உன் தெருவை எழுது, அப்பாவின் உழைப்பை எழுது என்று சொன்னவர்கள் யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. நோட்டில் எழுதினால் அது பாடம். இணையத்தில் எழுதினால் அது சாட்சி. ஒன்பதாவது படிக்கிற பிள்ளையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டு, அதற்கு மார்க் போட்டார்கள். முதலாளி பிள்ளை அப்பாவைப் பற்றி எழுதினால் அவன் அப்பாவுக்குப் பெருமை. டெய்லர் பிள்ளை எழுதினால் அவள் அப்பாவுக்கு வேலை போகும். பலகையில் நடுவே கோடு போட்டு எழுதியவர்களுக்கு இது எந்தப் பக்கம் வரும்? அந்தக் கோட்டை அவர்கள் தப்பான இடத்தில் போட்டிருக்கிறார்கள். நல்லதும் கெட்டதும் பிளாக்கில் இல்லை. யார் பிள்ளை என்பதில் இருக்கிறது.

மே மாதம் நான் கைமடிக்குப் போனேன். அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்தினார். கொஞ்ச நாளில் பேச ஆரம்பித்தார், ஒரே அறையில் எத்தனை நாள் பேசாமல் இருக்க முடியும்? வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிஸ் எங்கள் லைனைத் தேடிக்கொண்டு வந்தார். என் டி.சி.யைக் கையில் கொண்டுவந்திருந்தார். அம்மா டீ போட்டார். அப்பா வெளியே எழுந்து போய்விட்டார். தனித்தேர்வாகப் பத்தாவது எழுதலாம், புத்தகம் நான் தருகிறேன் என்றார் மிஸ். அது நடந்தது, பிற்பாடு எழுதித் தேறினேன், அதை இங்கே நீட்ட விரும்பவில்லை.

போகும்போது மிஸ் வாசலில் நின்றார். பிளாக்கை மட்டும் விட்டுவிடாதே, பள்ளிக்காக இல்லை, உனக்காக எழுது, உனக்கு எழுத வருகிறது, அந்த வகுப்பில் யாருக்கும் அப்படி வரவில்லை என்றார். அவருக்குக் கண் கலங்கியது.

"எதப் பத்தி மிஸ் எழுதணும்?" என்று கேட்டேன்.

"உனக்குத் தெரிஞ்சதப் பத்தி."

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் யார் வேலையாவது போற மாதிரிதான் மிஸ் இருக்கு."

அவர் என் தலையைத் தொடக் கையை நீட்டினார், நான் நகர்ந்துகொண்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் ஏறப் போனார். நான் உள்ளே போய் அவர் குடித்த டம்ளரைக் கழுவி வைத்தேன்.